பவளத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

பெட்டியைக் கீழே வைத்துவிடலாமே என்கிறீர்கள். வைக்கலாம் சார். ஆனால் இந்த பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது இதுவும் சேர்ந்து குதிக்கும். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்கையில் இடித்தால் சொல்லுங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

மீன் இல்லை சார். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். உக்கடத்தில் ஏறும்போது கண்டக்டர் மோந்துகூடப் பார்த்தார். இது பவளம். கழுத்தில் கோத்துப் போடுகிற சிவப்பு மணி இல்லை, உயிரோடு இருக்கிற பவளம். மெத்தென்று இருக்கும். கடையில் சாஃப்ட் கோரல் என்பார்கள். பார்ப்பதற்குக் குடைக்காளான் மாதிரி, குடையின் மேலெல்லாம் குட்டிக் குட்டி விரல்கள். நன்றாக இருக்கிற நாளில் அத்தனை விரலையும் நீட்டித் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். மனசு சரியில்லை என்றால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டையாக நிற்கும். பவளத்துக்கு ஏது மனசு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது உண்டு.

கொச்சியில் என் மகள் இருக்கிறாள், மிருதுளா. மாசமாக இருக்கிறாள். போன தடவை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். மனசு அலையக் கூடாதாம். என் மனைவி வசந்தாமணி துணைக்குப் போயிருக்கிறாள். என்னை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் வருவது அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகு போனால் மரியாதையாக இருக்காது. அதனால் சொல்லாமல் போகிறேன். கதவைத் தட்டுவேன், பெட்டியைத் திறந்து காட்டுவேன், அவள் முகம் விரிந்துவிடும். விரியாமல் எங்கே போகும்.

ஒரு நிமிஷம் சார், மூடியைத் திறந்து பார்த்துவிடுகிறேன். அதற்கும் காற்று வேண்டாமா.

இருக்கிறது. மொட்டையாகத்தான் இருக்கிறது. பயணக் களைப்பு.

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டு காரியம் செய்கிறவன் இல்லை. என்னையே கேள்வி கேட்டுக்கொள்கிறவன். தினமும் உட்கார்ந்து கேட்பேன். நீ செய்தது சரியா, உன்மேல் தப்பு இருக்கிறதா என்று ஒரு வக்கீல் மாதிரி குடைந்து கேட்பேன். நேர்மையாகக் கேட்டால் நேர்மையான பதில் வரும். இதுவரைக்கும் தப்பு இருப்பதாகப் பதில் வரவில்லை. கேட்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா.

மில்லில் இருந்தவன் நான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை, தரக்கட்டுப்பாடு. நூலை இழுத்துப் பார்ப்பது, எடை போட்டுப் பார்ப்பது, எங்கே தடிப்பு எங்கே மெலிவு என்று கண்டுபிடித்து, அது எந்த மெஷினில் வந்தது என்று போய் அதைத் திருக வைப்பது. என் கண்ணில் படாமல் ஒரு கோன் நூல் வெளியே போனது கிடையாது. "இவரு வந்து நின்னாப் போதும், மெசினே பயத்துல நூலை அறுத்துப்போடுது" என்று பொன்னாத்தாள் என்கிற அம்மா எல்லார் முன்னாலும் சொல்வார். வேலையில் நான் எப்படி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்புறம் மில்லை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் என்ன இருக்கிறது திருக. வசந்தாமணியின் சமையலறையில் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தேன். கடுகு எடுக்கப் போனால் காபித்தூள் வருகிறது என்று சண்டை. அவள் ஆசாரியைக் கூப்பிட்டுச் சமையலறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டாள். உலகத்திலேயே உள்ளே தாழ்ப்பாள் போட்டுச் சமைக்கிற பொம்பிளை அவள் ஒருத்திதான். அப்போதுதான் ஹாலில் இருந்த தொட்டி என் கண்ணில் பட்டது.

மிருதுளாவின் தொட்டி. அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை, வீட்டிலிருந்தபடியே. வேலை நேரம் போக மிச்ச நேரம் தொட்டிதான். உப்புத் தண்ணீர், கடல் பாறை, நீல விளக்கு, ஒரு ஜோடி மீன், நடுவில் ராஜா மாதிரி இந்தப் பவளத்தின் அம்மா. ஆமாம், என் மடியில் இருப்பது அதில் வெட்டியெடுத்த துண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் போய்விடும். போன அளவுக்கு அவள் ஏதோ சுத்திகரித்த தண்ணீரை ஊற்றுவாள். சுவையே இல்லாத தண்ணீர். எனக்கு மனசு கேட்கவில்லை. கோயமுத்தூர்க்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திருகினால் சிறுவாணி வருகிறது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேனில் தண்ணீர் பிடித்துப் போகிற ஊர் நம்முடையது. ஒரு குடம் பிடித்து ஊற்றினேன்.

"அப்பா, குழாத் தண்ணியா ஊத்துனீங்க?"

"சிறுவாணி கண்ணு."

"அதுல குளோரின் இருக்குங்கப்பா. இதுக்கு ஆகாது."

"சிறுவாணியவே குறை சொல்றியா நீ?"

"குறை சொல்லலை. மனுசங்க குடிக்கட்டும். இது மனுசன் இல்லீங்கப்பா."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் நல்ல தண்ணீர் எல்லாருக்கும் நல்லதுதானே. அவள் மீட்டிங்கில் இருக்கிற நேரமாகப் பார்த்து தினம் ஒரு சொம்பு மட்டும் விட்டுவந்தேன்.

பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாளும் விரிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் சும்மா இருக்க முடியுமா. தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாம்பாருக்குப் பார்க்கிற மாதிரிதான். உப்பு குறைச்சல். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டேன். வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் கூட்டினேன். அதிகமோ என்று குறைத்தேன். ஒரே இடத்தில் நின்று சலித்திருக்குமோ என்று பாறையோடு எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தேன். அங்கே மீன் இடிக்கிறது என்று மூலைக்கு மாற்றினேன். மூலையில் தண்ணீர் ஓட்டம் இல்லை. திரும்ப நடுவில். இத்தனை பாடும் ஒரு உயிருக்காக. எனக்காக ஒருவர் இந்தப் பாடு பட்டிருந்தால் நான் கோயில் கட்டியிருப்பேன்.

பிறகு அதன்மேல் ஒரு தோல் படர்ந்தது. மெழுகு பூசின மாதிரி, மங்கலாக. பழைய டூத் பிரஷ் ஒன்றை வெந்நீரில் அலசிக்கொண்டு, கையை உள்ளே விட்டு, நயமாகத் தேய்த்தேன். கொஞ்சம் உரிந்து வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

சிரிக்காதீர்கள் சார். குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுகிற மாதிரி அவ்வளவு நயமாக.

அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. மிருதுளா கத்துகிறவள் இல்லை. அறைக்குள் போய் யாருக்கோ போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வடவள்ளியிலிருந்து பைக்கில் ஒரு பையன் வந்தான், சபரிநாதன். அவளோடு வேலை செய்கிறவன், அவன் வீட்டிலும் தொட்டி இருக்கிறதாம். குனிந்து கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அங்கிள், இதை எத்தனை தடவை இடம் மாத்தியிருப்பீங்க?"

"தேவைக்கு ஏத்தபடி."

"தேவைன்னு எப்படிங்க தெரியும்?"

"அது மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"அதுக்கு மூஞ்சி இல்லீங்களே அங்கிள்."

மிருதுளா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பவளத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பையன் சொன்ன வைத்தியத்தைக் கேளுங்கள். இந்தத் தோல் நோயே இல்லையாம். இந்த வகைப் பவளம் அவ்வப்போது தோல் உரிக்குமாம், உரிக்கிற நாளெல்லாம் மூடியே இருக்குமாம். தானாக உதிரும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓட்டத்தைக் கொஞ்சம் அதன்மேல் திருப்பிவிட்டால் போதும். இங்கே தண்ணீர் மாறி மாறி, வெளிச்சம் மாறி மாறி, அது பயந்து போயிருக்கிறது. பழைய தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சரியான உப்புக் கலந்த தண்ணீரை மெதுவாக மாற்ற வேண்டும். ஃபில்டரில் கரி நிரப்பிய சின்னப் பை ஒன்றைப் போட வேண்டும். விளக்கைக் குறைத்து, குறைத்தபடியே விட வேண்டும். யாரும் கையை உள்ளே விடக் கூடாது.

"சரி, மருந்து?"

"அதுதாங்க மருந்து. கையை விடாம இருக்கறது."

ஒன்றும் செய்யாமல் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பெட்ரோல் போட்டுக்கொண்டு வடவள்ளியிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டேன். நகைச்சுவையாகத்தான். யாரும் சிரிக்கவில்லை.

இருந்து பார்த்தேன் சார். என்மேல் பழி வரக் கூடாதல்லவா. சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மொட்டையாக நின்றது. நான் பார்த்தேன். அது நின்றது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற நிலைமை. லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது, நிமிர்த்திவிட்டேன். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மிருதுளா தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

"அப்பா" என்றாள். "நீங்க அதைப் பாக்காம இருந்தாலே அது பொழச்சுக்கும்."

அன்றைக்குச் சாயங்காலமே வசந்தாமணி வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, கோபியில உங்க தங்கச்சி வீடு கட்டறாங்கல்ல. கொத்தனாரு ஏமாத்தறாராம். பாத்துக்க ஆளில்லாம தவிக்கறாங்க. நீங்க போய் நின்னீங்கன்னா ஒழுங்கா நடக்குமுங்க." எங்கே தேவையோ அங்கே போவதுதானே மனுஷத்தனம். போனேன். கொத்தனாரோடு நின்றேன். அவர் இரண்டாவது வாரம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அது வேறு கதை. தங்கச்சி இப்போது என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. தப்பு பண்ணுகிறவரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு இது.

கோபியிலிருந்து ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பவளம் விரிந்திருந்தது சார். அத்தனை விரலும் வெளியே. நெல் வயலில் காற்று போகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம் போய்ப் பொன் மாதிரி. தொட்டிக்கு முன்னால் தரையில் மிருதுளா, பக்கத்தில் அந்தப் பையன், என் நாற்காலியில் வசந்தாமணி. சமையலறைக் கதவு பப்பரக்கா என்று திறந்து கிடந்தது. மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மிருதுளா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உள்ளே நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். அவ்வளவு மரியாதை.

"பாத்தியா, பிரஷ் போட்டது வேலை செஞ்சிருக்கு" என்றேன். "எல்லா வைத்தியத்துக்கும் நாள் பிடிக்கும்."

"ஆமாங்க மாமா" என்றான் அந்தப் பையன். அங்கிள் எப்போது மாமா ஆனார் என்பதை நான் கவனித்தேன். கவனிக்காமல் விடுவதற்கு நான் என்ன மில் முதலாளியா.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் நான் மூன்று தடவை இலையைத் திருப்பிப் போடச் சொன்னேன், வேறு பிரச்சினை எதுவும் இல்லை. அவனுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். பெரிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தண்ணீர் தானாக விழுகிற மாதிரி, விளக்கு தானாக எரிகிற மாதிரி எல்லாவற்றையும் மிருதுளா அமைத்துவிட்டு, மேலே ஒரு மூடி செய்து பூட்டும் போட்டுவிட்டுப் போனாள். பூனை வருமே என்றுதான். எங்கள் குடியிருப்பில் பூனை கிடையாது. ஆனால் நாளைக்கே வரலாம்.

போன தடவை அவள் உண்டாகியிருந்தபோது நான் கொச்சியில்தான் இருந்தேன். ஆள் வேண்டுமே. என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், ஏன் இடதுபக்கம் திரும்பிப் படுத்தாள், எல்லாம் என் கண் பார்வையில். வீட்டுச் சொந்தக்காரரிடம் சுவரில் ஈரம் வருவது பற்றிப் பேசினேன். அவர்கள் ஆபீசுக்குப் போன் செய்து, இந்த நிலைமையில் இருக்கிற பெண்ணிடம் இவ்வளவு வேலை வாங்கலாமா என்று ஒரு பெரிய மனிதனாகக் கேட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். அம்மா மாதிரி. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

அப்புறம் அது தங்கவில்லை.

அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது சார். டாக்டரே சொன்னார், நான் கேட்டதற்கு. இது யாராலும் வருவதில்லை, அமைப்பு அப்படி என்றார். கோயமுத்தூர் வந்து இன்னொரு டாக்டரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவதாக ஒரு டாக்டர் அம்மாவிடமும் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாராவது உங்களாலதான்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். யாருமே சொல்லவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொள்கிறவன் ஆயிற்றே.

இந்தத் தடவை மிருதுளா போனில் மெதுவாகத்தான் சொன்னாள். "பிறக்கற வரைக்கும் வராதீங்கப்பா. பிறந்தப்பறம் வந்து கூடவே இருங்க." நியாயம்தான். போகாமல் இருந்தேன். வசந்தாமணி கிளம்பும்போது, "உங்க பங்குக்கு நீங்க தொட்டியப் பாத்துக்கங்க. பாத்துக்கங்கன்னா, பாத்தாப் போதும்" என்றாள்.

பார்த்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன். பவளம் விரிந்து தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அது அவ்வளவு நன்றாக இருந்தது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எனக்கு ஒரு வேலையும் வைக்காமல் அது பாட்டுக்கு நன்றாக இருக்கிறது. அப்போதுதான் தோன்றியது, இதில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன. வெட்டினால் முளைக்கும், செடி மாதிரி. சபரியே சொல்லியிருக்கிறான். அங்கே அவன் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருக்கிறான். படுத்தபடியே அவள் பார்த்துக்கொண்டிருக்கலாம். மனசு அலையாது. டாக்டர் சொன்னதும் அதுதானே. பூட்டுக்குச் சாவி வசந்தாமணியிடம். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம்.

ரொம்பச் சுருங்கிவிட்டது சார், வெட்டினதும். அம்மாவும் சரி, துண்டும் சரி. சரியாகிவிடும். எதிர்வீட்டுத் தங்கவேலுவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இருங்கள், போன். மிருதுளாதான்.

"சொல்லு கண்ணு... நல்லா இருக்கேன்... வீட்லதான். தொட்டி முன்னாலதான் உக்காந்திருக்கேன்... சத்தமா? டீவி ஓடுது கண்ணு..."

இந்தக் கண்டக்டருக்கு இப்போதுதானா பாலக்காடு பாலக்காடு என்று கத்த வேண்டும்.

"... ஆமா கண்ணு... இல்லை, சும்மா... பவளத்துல ஒரு துண்டு, பெட்டியில... ஒரு எட்டுப் பாத்துட்டு... இல்லை, கதவுகிட்ட நின்னே... சரி... சரி... நீ எந்திரிக்காதே... அழுவாதே கண்ணு. அழுவக் கூடாது... சரி. வெச்சர்றேன்."

தங்கவேலு சொல்லிவிட்டாராம். தொட்டி மூடி பெயர்ந்து கிடக்கிறது, திருடன் வந்துவிட்டானோ என்று வசந்தாமணிக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எதையும் தன்பாட்டுக்கு விடத் தெரியாது.

சபரி பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறானாம். பெட்டியை அவனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அங்கேயே பக்கத்தில் நல்ல ஓட்டல் இருக்கிறதாம், மாமாவுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாளாம். வீடு அங்கிருந்து தூரம் இல்லை சார், எனக்கு வழி தெரியும். ஆனால் அவள் அழுதாள். அழுதால் வயிறு இறுகும். அதை நான் படித்திருக்கிறேன்.

சாயங்கால வண்டிக்கு ரிசர்வ் பண்ணிவிட்டார்களாம். நான் இன்னும் போய்ச் சேரவே இல்லை, அதற்குள் திரும்பி வர டிக்கெட் தயார். அதுவும் எப்படி, முன்பக்கம், ஜன்னல் ஓரம். பின்னால் உட்கார்ந்தால் அப்பாவுக்கு இடுப்பு வலிக்கும், ஜன்னல் இல்லாவிட்டால் தலை சுற்றும் என்று இந்த நிலைமையில், படுத்த படுக்கையில், ஞாபகம் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். எத்தனை பேர் வீட்டில் சார் பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்.

நல்ல பெண்தானே சார்?